நீதிமன்றம் ‘வெளியிடாதே’ என்றால்: தடை உத்தரவைப் படிக்க, பின்பற்ற, எதிர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

2018 டிசம்பர் 13 அன்று மெல்போர்னின் ஹெரால்ட் சன் நாளிதழ் தன் முதல் பக்கத்தைக் கறுப்பாக்கி, தணிக்கை செய்யப்பட்டது என்ற பொருள்படும் ஒற்றைச் சொல்லைப் பெரிதாக அச்சிட்டது. உலகம் முழுக்கப் படிக்கும் ஒரு செய்தியை எங்கள் வாசகருக்குச் சொல்ல முடியவில்லை என்பதுதான் அதன் சாரம். யார் பெயரும் அதில் இல்லை. இரண்டு நாள் முன்பு, சிறுவர்கள்மீதான பாலியல் குற்ற வழக்கில் கத்தோலிக்கக் கர்தினால் ஜார்ஜ் பெல் குற்றவாளி என்று ஜூரிகள் முடிவு சொல்லியிருந்தார்கள். அவர்மீது இன்னொரு விசாரணை பாக்கி இருந்தது. அடுத்து வரும் ஜூரிகளின் மனம் முன்கூட்டியே சாய்ந்துவிடக்கூடாது என்று, முதல் முடிவை வெளியிட நீதிமன்றம் தடை போட்டிருந்தது. 2019 பிப்ரவரி 26இல் தடை நீங்கியது. பெல்லின் தண்டனையையே 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் உச்ச அமர்வு ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக ரத்து செய்துவிட்டது. ஆனால் பெயரே சொல்லாமல் ‘ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது’ என்று ஜாடை காட்டிய 12 ஊடக நிறுவனங்கள் 2021இல் நீதிமன்ற அவமதிப்பை ஒப்புக்கொண்டு, மொத்தம் 11 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அபராதம் கட்டின.

வெளியீட்டுத் தடை உத்தரவு எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு இந்த ஒரு வழக்கே போதும். நிருபர், யூடியூபர், வழக்குச் செய்திகளை முகநூலில் பகிர்பவர், சொந்தக் குடும்ப வழக்கே நீதிமன்றத்தில் கிடப்பவர் எல்லோரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உத்தரவு உயிரோடு இருக்கும்வரை கீழ்ப்படியுங்கள், அது ஏன், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று நீதிமன்றத்திடமே கேட்பதையும் விடாதீர்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், அல்லது ஏமாந்து போகிறார்கள்.

இங்கே வரும் வழக்குகள் ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நாடுகளுடையவை. அடிப்படை எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்றாலும் பிரிவுகளும் தண்டனைகளும் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் கையில் இருக்கும் குறிப்பிட்ட உத்தரவுக்கு உள்ளூர் வழக்கறிஞரின் ஆலோசனை கட்டாயம் வேண்டும்.

படி 1: கதவு திறந்திருப்பதுதான் விதி என்பதை மனதில் இருத்துங்கள்

இந்தத் துறையில் எல்லோரும் திரும்பிப் போகும் வழக்கு 1913இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை (அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதுவே) தீர்த்த ஸ்காட் எதிர் ஸ்காட். தன் திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரி ஒரு மனைவி மனு போட்டார். விஷயம் அந்தரங்கமானது என்பதால் மூடிய அறையில் விசாரித்தார்கள். வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் அவருடைய மனநிலை சரியில்லை என்பதுபோலக் கணவர் தரப்பில் பேச்சு கிளம்ப, அதற்குப் பதிலாக அவர் விசாரணைப் பதிவின் நகல்களை எடுத்துக் கணவரின் தந்தைக்கும் சகோதரிக்கும் இன்னொருவருக்கும் அனுப்பினார். மூடிய அறையில் நடந்ததை வெளியே சொன்னது அவமதிப்பு என்று கீழே தீர்ப்பானது. பிரபுக்கள் சபை அதைத் தூக்கி எறிந்தது. கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்பது கதவைச் சாத்தக் காரணம் ஆகாது. கதவு திறந்திருந்தால் நீதியே வழங்க முடியாமல் போகும் என்று காட்டினால்தான் சாத்தலாம் என்றார்கள். அவர்கள் ஏற்ற விலக்குகள் மிகச் சில: நீதிமன்றத்தின் பாதுகாப்பில் உள்ள குழந்தைகள், மனநலம் குன்றியோர், வெளியே சொன்னால் வழக்கே அர்த்தமிழந்துவிடும் தொழில் ரகசியங்கள்.

அன்றிலிருந்து இன்றுவரை தர்க்கம் மாறவில்லை. வழக்கு நடப்பதை ஊர் பார்க்கிறது என்றால் சாட்சி பொய் சொல்லத் தயங்குவார். நீதிபதி காரணம் சொல்லாமல் உத்தரவு போடத் தயங்குவார். தோற்றவர்கூட எதனால் தோற்றோம் என்று தெரிந்துகொண்டு போவார். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 14வது பிரிவு, பகிரங்க விசாரணையை உரிமையாகவே சொல்கிறது; ஒழுக்கம், பொது ஒழுங்கு, தேசப் பாதுகாப்பு, தனிவாழ்க்கை போன்ற காரணங்களுக்காக மட்டும் பார்வையாளரை விலக்கலாம் என்கிறது. இலங்கை அரசியலமைப்பின் 106வது பிரிவும் அதே வழியில்தான்: எல்லா நீதிமன்ற அமர்வும் பகிரங்கம், விலக்குகள் தனியே பட்டியலிடப்பட்டவை.

இதனால் உங்களுக்கு நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. ‘நான் ஏன் வெளியிட வேண்டும்’ என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. ‘ஏன் மறைக்க வேண்டும்’ என்று காட்ட வேண்டியது மறைக்கக் கேட்பவர். நீதிமன்றத்துக்குள் நுழையும்போது பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு கெஞ்சும் தொனியில் பேசுகிறார்கள். தேவையில்லை.

படி 2: இது எந்த வகைப் பூட்டு?

‘கோர்ட் தடை போட்டிருக்கு’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் பல வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கும். அவற்றைக் கலந்துவிட்டால் அடுத்த படிகள் எல்லாமே தவறாகும்.

இன்-கேமரா விசாரணை என்றால் பொதுமக்களும் நிருபர்களும் அறைக்குள் வரமுடியாது. வெளியீட்டைத் தள்ளிவைக்கும் உத்தரவில் நீங்கள் உட்கார்ந்து கேட்கலாம், குறிப்பெடுக்கலாம். இன்ன தேதி வரை எழுதக்கூடாது, அவ்வளவுதான். பெல் வழக்கில் இருந்தது இது. பெயர் மறைப்பு உத்தரவில் வழக்கு முழுவதையும் எழுதலாம், ஆளை அடையாளம் காட்டக்கூடாது. ஆவணத்துக்குச் சீல் வைப்பது வேறு. அறையில் வாய்விட்டுச் சொல்லப்பட்டது அதற்குள் அடங்காமல் இருக்கலாம். அவதூறு வழக்கில் ஒரு தரப்பு வாங்கும் இடைக்காலத் தடை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அது நீதிமன்ற நடவடிக்கையைப் பாதுகாக்க வந்ததல்ல, ஒரு நபரின் பெயரைப் பாதுகாக்க வந்தது. அதற்கான சோதனையும் வேறு.

எல்லாவற்றிலும் விநோதமானது, தடை இருக்கிறது என்பதையே சொல்லக்கூடாது என்னும் தடை. பிரிட்டனில் இதை மீத்தடை என்ற பொருளில் அழைக்கிறார்கள். 2009 அக்டோபரில் கார்டியன் நாளிதழ், நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்ட ஒரு கேள்வியைக்கூடத் தன்னால் எழுத முடியவில்லை, ஏன் முடியவில்லை என்றும் சொல்ல முடியவில்லை என்று செய்தி போட்டது. ட்விட்டர்வாசிகள் நாடாளுமன்றக் கேள்விப் பட்டியலைத் துழாவி, அது டிராஃபிகுரா எண்ணெய் நிறுவனம் பற்றியது என்று ஒரே இரவில் கண்டுபிடித்துவிட்டார்கள். மறுநாளே அந்தத் தடை தளர்ந்தது. அதைவிடக் கனமானது ஆப்கன் தரவுக் கசிவு. பிரிட்டிஷ் படைகளோடு தொடர்புடையவர்கள் என்று இடம்பெயர விண்ணப்பித்த ஏறக்குறைய 19,000 பேரின் விவரம் 2022இல் கசிந்தது. 2023 செப்டம்பரில் வந்த மீத்தடை 2025 ஜூலை 15 வரை நீடித்தது. உயிர் ஆபத்து என்ற காரணம் உண்மையாகவே இருந்தது. ஆனால் அந்த இரண்டு ஆண்டு அளவில் பெரும் செலவில் ஒரு ரகசிய மீள்குடியேற்றத் திட்டம் நடந்தது, நாடாளுமன்றத்தில் விவாதிக்க வழியில்லாமல். உயிரைக் காக்கப் போட்ட பூட்டு எந்தப் புள்ளியில் அரசின் சங்கடத்தைக் காக்கும் பூட்டாக மாறுகிறது என்பதை வெளியிலிருந்து யாரும் அளந்து சொல்ல முடியாது. மீத்தடையின் கோளாறே அதுதான்.

படி 3: உத்தரவே இல்லாமல் இருக்கும் தடையைத் தேடுங்கள்

புதிதாக எழுத வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ‘நீதிபதி ஒன்றும் சொல்லவில்லையே’ என்பது பதில் ஆகாது, ஏனெனில் சில தடைகளைச் சட்டமே போட்டு வைத்திருக்கிறது.

இந்தியாவில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72வது பிரிவின்படி (பழைய தண்டனைச் சட்டத்தின் 228ஏ) இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23வது பிரிவு; குற்றம் சாட்டப்பட்டவரே சிறாராக இருந்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 74வது பிரிவு. பெயர் மட்டும்தான் அடையாளம் என்று நினைக்க வேண்டாம். ஆள் இன்னார் என்று ஊகிக்க வழிவிடும் எந்தத் துணுக்கும் அடையாளமே என்று 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பாதிக்கப்பட்டவர் இறந்துபோயிருந்தாலும் இது பொருந்தும். ஜம்முவின் கதுவாவில் வன்கொடுமைக்குப் பின் கொல்லப்பட்ட சிறுமியின் பெயரையும் படத்தையும் வெளியிட்ட ஊடகங்களை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் தலா 10 லட்சம் ரூபாய் கட்ட வைத்தது. அந்தப் பெயர் அப்போது நாடு முழுவதும் பதாகைகளில் இருந்தது. பிறர் சொன்னார்கள் என்பது தற்காப்பாக நிற்கவில்லை.

பிரிட்டனில் பாலியல் குற்றப் புகார்தாரருக்கு வாழ்நாள் முழுவதும் பெயர் மறைப்பு தானாகவே உண்டு. அதே நாட்டில் சிறார் நீதிமன்றத்துக்கு வரும் சிறுவனின் பெயர் தானாக மறையும். அவனே வயது வந்தோருக்கான கிரவுன் நீதிமன்றத்தில் நின்றால் நீதிபதி தனியாக உத்தரவு போட்டால்தான் மறையும். இப்படி நுணுக்கமான வேறுபாடுகள் எல்லா நாட்டிலும் உண்டு. எனவே எழுத உட்காரும் முன் மூன்று கேள்விகள்: வழக்கில் குழந்தை இருக்கிறதா? பாலியல் குற்றமா? குடும்ப வழக்கா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் சட்டப் பிரிவைத் தேடிப் பார்க்காமல் ஒரு வரி எழுத வேண்டாம்.

படி 4: உத்தரவின் நகலைக் கையில் வாங்குங்கள்

பக்கத்து இருக்கை நிருபர் சொன்னது, வாட்ஸ்அப் குழுவில் வந்தது, எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டீஸில் எழுதியது எதுவும் உத்தரவு அல்ல. பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு எண் கொடுத்துக் கேளுங்கள். எழுத்தில் இல்லை என்றால் நீதிமன்ற எழுத்தரிடம், என்ன சொல்லப்பட்டது என்று அன்றே உறுதிப்படுத்திக்கொண்டு, நேரம் போட்டுக் குறித்து வையுங்கள்.

வாய்மொழி உத்தரவுக்கும் வலு உண்டு. இந்தியாவின் மிக முக்கியமான முன்னுதாரணமே ஒரு வாய்மொழி உத்தரவில் பிறந்ததுதான். பிளிட்ஸ் வார இதழுக்கு எதிரான அவதூறு வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன ஒருவர், தன் முந்தைய சாட்சியம் பத்திரிகையில் வந்ததால் வியாபாரம் கெட்டது, இந்த முறை வெளியிடக்கூடாது என்று கேட்டார். நீதிபதி வாய்மொழியாக ஒப்புக்கொண்டார். நிருபர் நரேஷ் ஶ்ரீதர் மிராஜ்கர் உச்ச நீதிமன்றம் போனார். 1966இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து கேட்டு, எட்டுப் பேர் அந்த உத்தரவைச் சரி என்றார்கள். நீதிபதி ஹிதாயதுல்லா மட்டும் மறுத்தார். திறந்த நீதிமன்றம் என்ற கொள்கையை உயர்த்திப் பேசிவிட்டு, ஒரு சாட்சியின் வியாபார நஷ்டத்துக்காக அதை விட்டுக்கொடுத்த தீர்ப்பு அது. ஹிதாயதுல்லா பக்கமே நியாயம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் முன்னுதாரணம் முன்னுதாரணம்தான்.

மறுபக்கம், தெளிவில்லாத உத்தரவை மீறினார் என்று ஒருவரைத் தண்டிப்பதும் எளிதல்ல. 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனில் அரசு ரகசியச் சட்ட வழக்கு ஒன்றில், ராணுவ அதிகாரி ஒருவர் ‘கர்னல் பி’ என்று மட்டும் அழைக்கப்பட்டுச் சாட்சி சொன்னார். குறுக்கு விசாரணையில் தன் படைப்பிரிவையும், தன் பணியிட மாற்றம் எந்தப் படை இதழில் வந்தது என்பதையும் அவரே திறந்த அறையில் சொல்லிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு பெயரைக் கண்டுபிடித்து வெளியிட்ட லெவலர் இதழ்மீது அவமதிப்பு வழக்கு. 1979இல் பிரபுக்கள் சபை இதழை விடுவித்தது. மறைக்க வேண்டும் என்றால் எதை, யார், எவ்வளவு என்று நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

நகல் கிடைத்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு படியுங்கள். யாரைக் கட்டுப்படுத்துகிறது: வழக்கின் தரப்புகளையா, பெயர் குறிப்பிட்ட ஊடகங்களையா, உலகில் உள்ள எல்லோரையுமா? எந்தத் தகவல்: பெயரா, படமா, ஒரு குறிப்பிட்ட சாட்சியமா, வழக்கு இருப்பதேவா? எந்த நிலப்பரப்பு? பெல் வழக்கின் உத்தரவு ஆஸ்திரேலியா முழுவதையும், அங்கிருந்து திறக்கக்கூடிய எந்த இணையதளத்தையும் சேர்த்தே சொன்னது. முடியும் தேதி அல்லது நிகழ்வு என்ன? எந்தச் சட்டப் பிரிவின் கீழ்? கடைசிக் கேள்விதான் பலர் தாண்டிப் போவது. பிரிவு குறிப்பிடப்படாத உத்தரவு எங்கோ அவசரத்தில் பிறந்தது என்று பெரும்பாலும் நம்பலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2010இலும் விக்டோரியா 2013இலும் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்து, எந்த அடிப்படையில் உத்தரவு என்பதையும் எத்தனை காலம் என்பதையும் நீதிபதி சொல்லியாக வேண்டும் என்றாக்கின. மற்ற நாடுகளும் இதைப் பின்பற்றினால் பாதிக் குழப்பம் தீரும்.

படி 5: துண்டுகளைச் சேர்த்தால் முகம் தெரிகிறதா என்று சோதியுங்கள்

நீங்கள் பெயரைப் போடவில்லை. ஆனால் பள்ளியின் பெயரைப் போட்டீர்கள். இன்னொரு சேனல் தெருவைச் சொன்னது. மூன்றாவது ஆள் தந்தையின் தொழிலை எழுதினார். மூன்றையும் படித்தவருக்கு வீடே தெரிந்துவிட்டது.

இது மிகக் கடினமாக இருப்பது குடும்பத்துக்குள் நடந்த வன்முறை வழக்குகளில்தான். குற்றம் சாட்டப்பட்டவர் பெயரையும், பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் அவருக்கும் உள்ள உறவையும் சேர்த்து எழுதினால் குழந்தை அடையாளம் காணப்பட்டுவிடும். ஒன்றை விட வேண்டும். பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வெகுகாலமாக உள்ள வழக்கம், வயது வந்த குற்றவாளியின் பெயரை எழுதி, உறவைக் குறிக்கும் எந்தச் சொல்லும் வராமல் பார்த்துக்கொள்வது. உறவை எழுதிப் பெயரை விடுவதில் வாசகருக்குக் கதை நன்றாகப் புரியும் என்பது உண்மைதான். ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் நின்றால்தான் இது வேலை செய்யும். ஒரு பத்திரிகை பெயரையும் இன்னொன்று உறவையும் எழுதினால் இருவரும் சேர்ந்து குழந்தையைக் காட்டிக்கொடுத்தவர்கள் ஆகிறார்கள். எனவே மற்றவர்கள் எந்தப் பக்கம் போயிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், உங்கள் வழி சிறந்தது என்று தோன்றினாலும்.

விடுகதை போட்டுத் தப்பிக்கலாம் என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. நியூசிலாந்தில் ஒரு வலைப்பதிவர், பெயர் மறைக்கப்பட்டவர்களைச் சித்திரக் குறிகளாலும் ஈரெண் குறியீட்டாலும் சுட்டிக்காட்டினார். 2010இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. புரிந்துகொள்ளக்கூடிய குறிப்பு என்றால் அது வெளியீடுதான். ‘மூன்றெழுத்து நடிகர்’ பாணித் தலைப்புகளுக்குப் பழகிய நம் இணைய உலகம் இதைக் கவனிக்க வேண்டும்.

இயந்திரங்களும் காட்டிக்கொடுக்கும். அதே நியூசிலாந்தில் 2018இல் ஒரு பிரிட்டிஷ் பயணி கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டு ஊடகங்கள் பெயரை எழுதின. அங்கே மக்கள் அதைத் தேடத் தொடங்க, கூகுளின் ‘இன்றைய பரபரப்பு’ மின்னஞ்சல் அந்தப் பெயரைத் தலைப்பிலேயே சந்தாதாரர்களுக்கு அனுப்பிவிட்டது. ஹேஷ்டேக், படக் கோப்பின் பெயர், வீடியோவின் சிறுபடம், கருத்துப் பெட்டி எல்லாவற்றையும் வெளியிடும் முன் ஒருமுறை பாருங்கள். கருத்துப் பெட்டியை மூடிவிடுவது இத்தகைய செய்திகளில் மிகவும் பாதுகாப்பு.

படி 6: சந்தேகம் இருந்தால் நிறுத்திவையுங்கள்

இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தவறான உத்தரவாகவே இருந்தாலும் ரத்தாகும்வரை அது கட்டுப்படுத்தும். ‘இணையத்தில் ஏற்கெனவே இருக்கிறது’ என்ற வாதம் பல முறை தோற்றிருக்கிறது. 2016இல் ஒரு பிரபலத்தின் தனிவாழ்க்கை பற்றிய வழக்கில், அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் பெயர் அச்சாகி, சமூக ஊடகம் முழுக்கப் பரவியிருந்தும், பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் இங்கிலாந்தில் தடையை நீட்டித்தது. ரகசியம் போய்விட்டாலும் தனிவாழ்க்கைக்குள் ஊடுருவல் மிச்சம் இருக்கிறது என்றது. பகிர்வதும், இணைப்புக் கொடுப்பதும், ஸ்கிரீன்ஷாட் போடுவதும் வெளியீடாகக் கருதப்படலாம். ஏற்கெனவே வெளியிட்டது உங்கள் பக்கத்தில் கிடந்தால், நீக்க வேண்டுமா என்று அன்றே சட்ட ஆலோசனை கேளுங்கள்.

படி 7: எதிர்க்க வேண்டியதை எதிர்க்கும் முறை

பல நாடுகளில் ஊடகங்கள் தடை உத்தரவில் தலையிட்டு வாதாட உரிமை பெற்றவை. இந்தியாவில் 2012 செப்டம்பரில் சஹாரா எதிர் செபி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, செய்தியைத் தள்ளிவைக்கும் உத்தரவு போட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றதோடு, ஊடகம் அதை எதிர்த்து வழக்காடலாம் என்றும் சொன்னது. நிறுவனப் பின்புலம் இல்லாதவர்கூட, உத்தரவால் நேரடியாகக் கட்டுப்படுத்தப்பட்டவர் என்ற முறையில் நீதிமன்றத்தை அணுகலாம்.

வாதத்தை எப்படி அடுக்குவது? எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான வரைபடம் 2021 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றம் தந்தது. டொராண்டோவில் 2017இல் கொல்லப்பட்ட கோடீஸ்வரத் தம்பதி ஷெர்மன்களின் சொத்து ஆவணங்களுக்குச் சீல் வைக்கக் குடும்பத் தரப்பு கேட்டது. தனிவாழ்க்கை, பாதுகாப்பு இரண்டையும் காரணமாகச் சொன்னது. நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. மறைக்கக் கேட்பவர் மூன்றை நிறுவ வேண்டும் என்றது. திறந்த நீதிமன்றத்தால் முக்கியமான பொதுநலன் ஒன்றுக்குக் கடும் ஆபத்து இருக்க வேண்டும். கேட்கும் உத்தரவு அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையானதாகவும், வேறு மிதமான வழி இல்லாததாகவும் இருக்க வேண்டும். அதன் நன்மை தீமையைவிட அதிகமாக இருக்க வேண்டும். தனிவாழ்க்கை என்பதும் பொதுநலன் ஆகலாம். ஆனால் ஒரு மனிதரின் கண்ணியத்தைத் தொடும் அளவு ஆழமான தகவலாக இருந்தால் மட்டும். வெட்கமும் அசௌகரியமும் போதாது.

நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் மனுவை இந்த மூன்றின் மீதே கட்டலாம். முதலில் ஆதாரத்தைக் கேளுங்கள்: ஆபத்து என்று சொல்வதற்குப் பிரமாணப் பத்திரம் இருக்கிறதா, மருத்துவர் அறிக்கை இருக்கிறதா, அல்லது வக்கீல் வாயால் சொன்னதுதானா? ஊகத்தின் மீது நிற்கும் உத்தரவு அடிக்கடி இங்கேயே சரிந்துவிடும். அடுத்து மாற்று வழியை நீங்களே எடுத்துக் கொடுங்கள். முழு வழக்கையும் மூடுவதற்குப் பதில் சாட்சிக்கு மாற்றுப்பெயர் கொடுக்கலாம்; ஒரு பத்தியைக் கறுப்பாக்கிவிட்டு மீதி ஆவணத்தைத் திறக்கலாம்; இந்த விசாரணை முடியும்வரை மட்டும் தள்ளிவைக்கலாம்; ஜூரிகளுக்கு அறிவுறுத்தல் கொடுக்கலாம். ‘தடையே கூடாது’ என்று மல்லுக்கு நிற்பதைவிட ‘இவ்வளவு போதும்’ என்று கேட்பவருக்கு நீதிபதி காது கொடுப்பார். கடைசியாகக் காலம். முடியும் தேதி இல்லாத தடைக்கு ஒரு தேதி கேட்பது சின்னக் கோரிக்கைபோலத் தெரியும். நடைமுறையில் அதுதான் பெரிய வெற்றி.

அதிகாரத்தில் இருப்பவர் தன் மானத்துக்காகத் தடை கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு நல்ல உதாரணம். ஏப்ரல் 26 அன்று கொரோனா இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, கொலைக் குற்றச்சாட்டுகூடப் பதியலாம் என்று நீதிபதிகள் வாய்மொழியாகக் கடிந்தார்கள். உத்தரவில் இல்லாத வாய்மொழிக் கருத்தை ஊடகம் வெளியிடாமல் தடுக்க ஆணையம் கேட்டது. மே 6 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. உயர் நீதிமன்றத்தின் சொற்கள் கடுமையானவை என்று ஒப்புக்கொண்டுகொண்டே, நீதிபதிக்கும் வழக்கறிஞருக்கும் இடையில் நடக்கும் பேச்சும் திறந்த நீதிமன்றத்தின் ஒரு பகுதி, அதை எழுதும் உரிமை ஊடகத்துக்கு உண்டு என்றது.

தடை வேண்டும் என்பவராக நீங்கள் இருந்தால்

பாதிக்கப்பட்டவர், மிரட்டலுக்கு ஆளான சாட்சி, குழந்தையின் பெற்றோர் என்ற இடத்தில் நீங்கள் இருக்கலாம். அப்போது மேலே சொன்ன மூன்றையும் உங்கள் பக்கமிருந்து திருப்பிப் போடுங்கள். வழக்கு முழுவதையும் மூடக் கேட்டால் மறுக்கப்படும் வாய்ப்பு அதிகம். பெயர், முகவரி, பள்ளி என்று குறுக்கிக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். முதல் அமர்விலேயே கேளுங்கள். ஒரு நாள் வெளியானதைத் திரும்ப எடுக்க எந்த உத்தரவாலும் முடியாது.

பாதுகாக்க வந்த தடையே பாதிக்கப்பட்டவரின் வாயை அடைத்துவிடுவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் தானே விரும்பினாலும் தன் பெயரில் பேசமுடியாது என்று சட்டம் இருந்தது. கிரேஸ் டேம் தன் கதையைத் தன் பெயரில் சொல்ல 2019இல் நீதிமன்றத்திடம் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. அவரைப் போன்றோரின் இயக்கத்தால் 2020இல் அந்தச் சட்டம் மாறியது. மறுவருடம் அவர் ‘ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்’ விருது பெற்றார். இந்தியாவின் 72வது பிரிவில், வயது வந்த பாதிக்கப்பட்டவர் எழுத்தில் அனுமதி கொடுத்தால் பெயரை வெளியிடலாம். அந்த அனுமதி ஒரு தொலைபேசி உரையாடலில் கிடைத்த ‘சரி’யாக இருக்கக்கூடாது, தேதியும் கையெழுத்தும் உள்ள தாளாக இருக்க வேண்டும்.

படி 8: தடை நீங்கிய அன்று

நீக்கிய உத்தரவின் நகலையும் வாங்குங்கள். பெரும்பாலும் ஒரு பகுதி மட்டும் நீங்கியிருக்கும். நீதிபதியின் தடை போனாலும் சட்டம் போட்ட தடை அப்படியே இருக்கும். நிறுத்திவைத்த செய்தியை அப்படியே வெளியிட வேண்டாம். இடையில் மேல்முறையீடு ஆகியிருக்கலாம், விடுதலை ஆகியிருக்கலாம், நீங்கள் பெயர் சொல்லப்போகும் சிறுவனுக்கு இன்னும் வயது வராமல் இருக்கலாம். வழக்கு எண், தடை விதித்த தேதி, நீங்கிய தேதி, நீக்கிய அமர்வு நான்கையும் செய்தியின் அடியில் ஒரு வரியாகப் போடுங்கள். தடை இருந்ததே தெரியாமல் ‘ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை’ என்று கேட்கும் வாசகருக்கு அந்த ஒரு வரி பதில் சொல்லும். உத்தரவு நகல்களையும் அன்றைய குறிப்பேட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நோட்டீஸ் வருவதாக இருந்தால் செய்தியை எல்லோரும் மறந்த பிறகே வரும்.